டெங்கு என்னும் திசைச்சொல்

தமிழில் வழங்கும் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார் தொல்காப்பியர். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களிலிருந்து வந்து வழங்குவன திசைச்சொற்கள் என்பது அவர் கொண்ட வரையறை. நாம் கல்லூரியில் மாணவராயிருந்த காலத்தில், இப்பகுதியைக் கற்பித்த தமிழாசிரியர் பழைய உதாரணங்களோடு அமையாது, வகுப்பறையைச் சுற்றிப் பார்க்கும்படி எம்மைப் பணிப்பார். நாம் அமர்ந்திருந்த வாங்கு, ஆசிரியரின் கதிரை, அவர்முன் இருந்த மேசை, புத்தகங்கள் அடுக்கிய அலுமாரி, காற்று வரத் திறந்திருந்த யன்னல், காலிலே சிலர் அணிந்திருந்த சப்பாத்து ஆகிய யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பெயர்களைத் தாங்கி நிற்பதைக் கண்டு வியப்போம். எம் தந்தையர் தொழில் பார்த்த கந்தோர் ஒல்லாந்தர் தந்த சொல். ஆட்சி செய்தோர் சென்றனர். அவர்தம் சொற்கள் எம்மோடு தங்கிவிட்டன.

ஒருநாள் எம்முள் ஒருவர் எழுந்து, "ஐயா, ஆபிரிக்கருடைய மொழியிலிருந்து எமக்கு வந்த சொல் ஏதும் உண்டோ?" என்று வினவினார். ஆசிரியர் சிறிது சிந்தித்து, "எனக்குத் தெரிய இல்லை. கண்டால் எனக்கும் வந்து சொல்லும்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று மாணவர்முன் சொல்லக் கூசாத பெருமகன் அவர். அவ்வினாவுக்குரிய விடையை நாம் கண்டபொழுது அவர் எம்மிடையே இல்லை. அதனை எவ்வாறு கண்டோம் என்பதைப் பின்னர்க் கூறுவாம்.

அச்சொல்லை அறியாத சிறுவன் இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் இலன். மாரி தொடங்கியதும் பத்திரிகையின் முதற் பக்கத்திலும், பாடசாலை அறிவித்தற் பலகையிலும், வீடு வீடாக வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலும் அது ஓயாது ஒலிக்கும். 'டெங்கு' என்பதே அச்சொல். கிழக்காபிரிக்கக் கரையிலே பேசப்படும் சுவாகிலி மொழியில் அது பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளருட் பலர். அது பிறந்த இடத்தையும், வந்த வழியையும், வழியிலே அடைந்த மாற்றங்களையும், அவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க பயனையும் இங்கு எடுத்துரைப்பாம்.

முதற்கண் அம்மொழியைப் பற்றிச் சில சொற்கள். 'சுவாகிலி' என்னும் பெயர்தானும் ஓர் இரவற் சொல்லே. கடற்கரைகள் எனப் பொருள்படும் 'சவாகில்' என்ற அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது. எனவே சுவாகிலி என்றால் கரையோர மொழி என்பது பொருளாகும். பாந்து என்னும் ஆபிரிக்க மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அது, அரபு வணிகரோடு பல நூற்றாண்டு பழகியமையால் அரபுச் சொற்களை மிகுதியாக ஏற்றுக்கொண்டது. வாடைக் காற்று வீசும் திங்கள்களிலே பாய்க்கப்பல்கள் அரபு நாட்டிலிருந்தும் இந்தியாவின் மேலைக் கரையிலிருந்தும் சன்சிபார்த் தீவுக்கு ஓடும். சோளகம் எழுந்ததும் திரும்பும். இக்காற்றுகள் எமக்கும் அயலானவை அல்ல. நெடுந்தீவிலும் மன்னாரிலும் யானைக் கால்போற் பருத்து நிற்கும் பெருக்கமரங்களைக் கண்டவர், அம்மரத்தின் தாயகம் ஆபிரிக்கா என்பதையும், அரபு வணிகர் அதனை இங்குக் கொணர்ந்தனர் என்று கூறப்படுவதையும் அறிவர். மரம் வந்த கடல் வழியாகச் சொல்லும் வரக்கூடும். ஆயின் டெங்கு என்னுஞ் சொல் எம்மிடம் நேர்வழியாக வரவில்லை. உலகைச் சுற்றி வந்தது.

சுவாகிலி மொழியில் ஒரு நோய்க்கு 'கி டிங்கா பெப்போ' என்று பெயர் வழங்கியது. 'கி' என்பது பெயர்ச்சொற்களின் வகையைக் குறிக்கும் முன்னொட்டு. 'டிங்கா' என்பது திடீரென உடலை இழுத்துப் பிடிக்கும் வலிப்பைக் குறிக்கும். 'பெப்போ' என்பது ஆவி அல்லது பேய். ஆகவே, பேயினால் உண்டான திடீர்ப் பிடிப்பு என்பது அத்தொடரின் பொருளாகின்றது. காலையிலே நலமாயிருந்தவன் மாலையிலே காய்ச்சல் கொண்டு, மூட்டுகள் யாவும் இறுகி, நிமிர மாட்டாது கிடப்பதைக் கண்ட மக்கள், கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவனைப் பற்றிக்கொண்டது என்று எண்ணியது இயல்பேயாம்.

இங்கே தமிழர் கருதத்தக்க ஒன்றுண்டு. சுவாகிலி மொழியிலே காற்றைக் குறிக்குஞ் சொல் 'உபெப்போ'. காற்றும் ஆவியும் அம்மொழியில் ஒரே அடியிலிருந்து கிளைத்த சொற்கள். எம்மவரும் காரணம் விளங்காத நோயைக் 'காற்றுக் கறுப்பு' என்று கூறுவதில்லையா? மூட்டு வலியை வாதம் என்றும் வாயு என்றும் எம் மருத்துவ நூல்கள் வகுப்பதும் காற்றைக் கருதியே. பெரியம்மையை 'அம்மாள் வருத்தம்' என்று அஞ்சி வணங்கிய எமக்கு, பேயின் பெயரால் ஒரு காய்ச்சலை அழைத்த கிழக்காபிரிக்க மக்களின் மனநிலை விளங்காததன்று. கடல் பல இடையே கிடப்பினும் மனித அச்சம் ஒரே விதமாகவே பேசுகின்றது.

இப்பெயரை மேலைநாட்டார் அறியச் செய்தவர் சன்சிபாரிலே தொழில் புரிந்த சுகொத்துலாந்து மருத்துவர் ஜேம்சு கிறிஸ்ரி ஆவர். 1870ஆம் ஆண்டில் அத்தீவிலே ஒரு காய்ச்சல் பரவியது. ஏறக்குறைய வீடு தவறாமல் அது நுழைந்தது. முதியோர் சிலர் அதனைக் கண்டதும் இனங்கண்டனர். தம் இளமையில், 1823ஆம் ஆண்டளவில், இதே நோய் வந்ததென்றும், அன்றும் அதற்கு இப்பெயரே வழங்கியதென்றும் அவர்கள் கூறினர். கிறிஸ்ரி இதனை 1872இல் பிரித்தானிய மருத்துவ ஏடு ஒன்றில் எழுதினார். அந்நோய் சன்சிபாரோடு நிற்கவில்லை. ஏடன், பம்பாய், கல்கத்தா, சென்னை எனத் துறைமுகம் துறைமுகமாக அது கப்பலேறிச் சென்றது.

1823இற்கும் 1870இற்கும் இடையே அச்சொல் வேறொரு திசையிலும் பயணஞ் செய்திருந்தது. 1827, 1828ஆம் ஆண்டுகளில் மேற்கிந்தியத் தீவுகளிலே இதனை ஒத்த காய்ச்சல் பரவியது. ஆபிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுசென்ற கப்பல்கள் அத்தீவுகளுக்கு ஓடிய காலம் அது. விலங்கிடப்பட்டுக் கடல் கடந்த மக்கள் தம் உடைமைகள் எவற்றையும் கொண்டுசெல்ல இயலவில்லை. நாவிலிருந்த சொற்களை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை. அவ்வாறு சென்ற சொற்களுள் 'டிங்கா' ஒன்று என்பது கிறிஸ்ரி முதலாயினோர் கொண்ட கருத்து.

அங்குச் சென்ற சொல்லுக்கு வேடிக்கையான பொருள்கள் வந்து சேர்ந்தன. சென் தோமசு முதலிய தீவுகளில் ஆங்கிலம் பேசியோர் காதில் அது 'டான்டி' என்று விழுந்தது. டான்டி என்றால் உடையலங்காரத்தில் மிக்க விருப்புடைய பகட்டுக்காரன். மூட்டு வலியால் உடலை வளைக்க மாட்டாது விறைத்து நடந்த நோயாளி, கசங்காத உடையோடு கழுத்தை நிமிர்த்தி நடக்கும் பகட்டுக்காரனைப் போலத் தோன்றினான். ஆகவே அது 'டான்டிக் காய்ச்சல்' ஆயிற்று. கியூபாவிலே இசுப்பானியம் பேசியோருக்கு, அவர்தம் மொழியில் ஏற்கெனவே இருந்த 'தெங்கே' என்னுஞ் சொல் நினைவுக்கு வந்தது. பாசாங்கு, மிகையான நாணம், குழைவு என்பன அதன் பொருள்கள். நோயாளியின் நடை அப்பொருளுக்கும் பொருந்தியது. அறியாத சொல் ஒன்று ஒரு மொழியிற் புகும்போது, அம்மொழியார் அதனைத் தாம் அறிந்த சொல்லொன்றன் வடிவிலே வளைத்துக்கொள்வது எங்கணும் காணப்படும் வழக்கமாகும். அச்சத்திலே பிறந்த சொல் நகைச்சுவையாக மாறியது இவ்வாறேயாம்.

இக்கொள்கைக்கு மறுப்பும் உண்டு. 1801ஆம் ஆண்டில் இசுப்பானிய அரசி மரியா லூயிசா எழுதிய கடிதமொன்றில், தமக்கு வந்த காய்ச்சலை அவர் இப்பெயராலேயே குறித்துள்ளார். மேற்கிந்தியத் தீவுகளிலே நோய் பரவிய 1827ஆம் ஆண்டுக்கு இது முந்தியது. எனவே இசுப்பானியச் சொல்லே மூலம், சுவாகிலிச் சொல் ஒலியொப்புமையால் வந்து கலந்தது என்று வாதிப்போர் உளர். ஆயின் இசுப்பானியச் சொல் ஒரு நடத்தையைக் குறித்ததேயன்றி, முதலில் நோயைக் குறித்ததன்று. சுவாகிலித் தொடரோ நோயின் இயல்பையே கூறுகின்றது. ஆதலால் அகராதியாசிரியர் பலர் இன்றும் சுவாகிலிப் பிறப்பையே முன்வைத்து, இசுப்பானியச் சொல்லை வளர்ப்புத் தாயாகக் கொள்கின்றனர். பெற்றவளும் வளர்த்தவளும் வெவ்வேறாயினும் பிள்ளை ஒன்றே என்று நாமும் அமைவாம்.

இந்நோய்க்கும் இதனை ஒத்தவற்றுக்கும் வேறு பெயர்களும் வழங்கின. 1779இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து எம்மை ஆண்ட அதே காலத்தில், அவர்தம் கிழக்குத் தலைநகரான பத்தாவியாவிலே தாவீது பைலன் என்னும் மருத்துவர் ஒரு காய்ச்சலைக் கண்டு 'கணுக் காய்ச்சல்' என்று எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பிலதெல்பியா நகரிலே பெஞ்சமின் ரசு என்னும் மருத்துவர் கண்ட காய்ச்சலை அந்நகர மக்கள் 'எலும்பு முறிக்குங் காய்ச்சல்' என்றனர். நோய் தணிந்தபின்னும் மனச்சோர்வு தணியாதிருந்த ஒரு பெண்மணி, அதனை 'நெஞ்சை முறிக்குங் காய்ச்சல்' என்பதே தகும் என்று கூறினாராம். இவ்வாறு ஊருக்கொரு பெயராக வழங்கியதனால் உண்டான குழப்பத்தைத் தீர்க்கும்பொருட்டு, இலண்டன் மருத்துவர் கல்லூரி 1869இல் 'டெங்கு' என்பதையே முறையான பெயராக ஏற்றது. ஆங்கில மருத்துவத்தின் வழியாக அப்பெயர் எமக்கும் வந்து சேர்ந்தது.

தமிழிலே அச்சொல் புகுந்த முறையும் நோக்கத்தக்கது. டகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்பது தமிழிலக்கண விதி. ஆங்கிலேயர் நாவில் கேட்டபடியே எழுதியதனால், வரும்போதே விதியை மீறிக்கொண்டு வந்தது 'டெங்கு'. இசுப்பானியர் உச்சரிப்பை நேரே கேட்டு எழுதியிருப்போமாயின், பல்லைத் தொட்டுப் பிறக்கும் அவர்தம் ஒலிக்கேற்பத் 'தெங்கு' என்றே எழுதியிருப்போம். தெங்கோ எமக்குத் தென்னை. வாழ்வளிக்கும் மரத்தின் பெயரும் உயிர் குடிக்கும் காய்ச்சலின் பெயரும் ஒன்றாகியிருக்கும்! விதி மீறிய ஓர் எழுத்து எம்மை அவ்விடரினின்றும் காத்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கெனத் தமிழ்க் கலைச்சொற்களை ஆக்கிய மருத்துவர் சாமுவேல் கிறீன் இந்நோய்க்குப் பெயரிட்டிருப்பாராயின் அது எவ்வாறிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதும் இன்பமே. ஆயின், மருத்துவமனையிலே நோயின் பெயர் உலகெங்கும் ஒன்றாயிருத்தல் நன்மை என்பதையும் மறுத்தற்கில்லை.

பெயரின் கதை இவ்வாறாக, பெயருக்குரியதன் கதை வேறு. 1906இல் அவுத்திரேலியாவிலே பாங்குரொவ்ற் என்பார், பகலிற் கடிக்கும் ஈடிசு நுளம்பே இந்நோயைக் காவுகின்றது என்பதற்குச் சான்று காட்டினார். இரண்டாவது உலகப் போர்க் காலத்தில், 1943இல் யப்பானிய அறிஞர் ஒற்றா, கிமுரா ஆகிய இருவரும், அடுத்து அமெரிக்கர் அல்பேட் சேபினும் நோய்க்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்தனர். அவ்வைரசில் நான்கு வகைகள் உண்டென்பது பின்னர் அறியப்பட்டது. இங்கே ஒரு புதுமையைக் காண்க. பெயர் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. ஈடிசு எகிப்தி என்னும் நுளம்பும் ஆபிரிக்காவைச் சேர்ந்ததே. காட்டிலே மரப்பொந்துகளின் நீரில் வளர்ந்த அது, கப்பல்களின் குடிநீர்ப் பீப்பாய்களில் முட்டையிட்டு உலகத் துறைமுகங்களை அடைந்தது. வைரசோ ஆசியக் காடுகளிலே குரங்குகளிடத்துத் தோன்றியது என்பர் ஆய்வாளர் பலர். மூன்று வெவ்வேறு பயணங்கள் வந்து கூடிய இடத்தையே நாம் டெங்கு என்று அழைக்கின்றோம்.

இனி, இச்சொல்லின் வரலாற்றிலே மிக முக்கியமான திருப்பத்துக்கு வருவாம். 1952ஆம் ஆண்டு தங்கனீக்காவின் தென்பகுதியிலே மக்கொண்டே மேட்டுநிலத்தில் ஒரு காய்ச்சல் பரவியது. மூட்டுவலியால் மக்கள் கூனிக் குறுகினர். அவ்விடத்தார் தம் மக்கொண்டே மொழியில் அதனைச் 'சிக்குன்குனியா', அஃதாவது 'வளைத்து முறுக்குவது', என்றனர். இதுவும் சுவாகிலிச் சொல்லே என்று பலர் எழுதிவருவது பிழை. மக்கொண்டே அதன் அயல்மொழி. மரியன் றொபின்சன், லம்சுடன் ஆகிய இருவரும் 1955இல் இந்நோயை விரித்தெழுதினர். ஆய்ந்து பார்த்தபோது அது டெங்கு அன்று. வேறொரு வைரசால் உண்டாவது என்பது தெளிவாயிற்று. அந்நோயையும் காவுவது ஈடிசு நுளம்பே.

அதன்பின் பழைய குறிப்புகளை மீண்டும் புரட்டினர் அறிஞர். 1971இல் டொனல்ட் கேரி என்பார் ஒரு கேள்வியை எழுப்பினார். 1823இலும் 1870இலும் சன்சிபாரிலே பரவிய நோயில் மூட்டுவலியே முதன்மையாயிருந்தது. நோய் நீங்கியபின்னும் அவ்வலி நெடுங்காலம் நின்றது. இவை டெங்குவின் குறிகளா, சிக்குன்குனியாவின் குறிகளா? பிந்தியதே என்பது அவர் முடிபு. பத்தாவியாவின் கணுக் காய்ச்சலும் அதுவேயாகலாம் என்று கருதப்படுகின்றது. அவ்வாறாயின், 'டிங்கா' என்னும் பெயர் முதலில் சிக்குன்குனியாவுக்கு உரியது. அப்பெயர் உடையவனை விட்டு அயலான் வீட்டுக்குப் போய்விட்டது. பெயரை இழந்த நோய் நூறாண்டுக்குமேல் பெயரின்றித் திரிந்து, பின்னர் அயல்மொழியிலிருந்து புதுப்பெயர் பெற்றது. ஒரு காய்ச்சலை மற்றொன்றாகக் கருதி மயங்கியவர்கள் கற்றறிந்த மருத்துவர்களே என்பதை வாசகர் நினைவிற் கொள்வாராக.

இம்மயக்கம் பழங்கதை அன்று. 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, ஏ-9 பாதை மூடப்பட்டு நாம் துன்புற்றிருந்த நாட்களில், சிக்குன்குனியா குடாநாட்டிற் பரவியது. சுவரைப் பிடித்து நடந்தோரையும், காலையில் எழுந்து கைவிரல் மடக்க மாட்டாதோரையும் நாம் கண்டோம். வலி திங்கட்கணக்காக நின்றது. ஆயினும் பெரும்பாலோர் பிழைத்தெழுந்தனர். அந்நாளிலே நோயுற்றவருள், அன்று வகுப்பில் எழுந்து வினவிய எம் நண்பரும் ஒருவர்.

அண்மைய மாரியொன்றிலே அவருக்கு மீண்டும் காய்ச்சல் கண்டது. உடம்பு முழுதும் உளைந்தது. "இது பழைய வருத்தந்தான், நோவுக் குளிசை போட்டால் தீரும்" என்று, வீட்டில் எஞ்சியிருந்த குளிசைகளை விழுங்கினார். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டார் மகிழ்ந்தனர். அவர் முழுகிச் சந்தைக்கும் போய்வந்தார். அன்று மாலை வயிற்றுவலியும் வாந்தியும் தோன்றின, கைகால் குளிர்ந்தன, எழுந்தவர் தலைசுற்றி விழுந்தார். மருத்துவமனையிலே குருதியைச் சோதித்தபோது அது டெங்கு என்று தெரிந்தது. மருத்துவரும் தாதியரும் இரவும் பகலும் கண்காணித்து அவரை மீட்டனர். நாம் பார்க்கச் சென்றபோது, "பெயர் தெரிந்த வருத்தம் என்றுதான் நினைத்தேன்" என்றார். சிறிது நேரங் கழித்து, "இந்தப் பெயர் எங்கேயிருந்து வந்தது?" என்றும் கேட்டார். மாணவப் பருவத்திலே தாம் கேட்ட வினாவுக்குரிய விடையைத் தம் உடலிலே தாங்கிக்கொண்டு அவர் கிடந்தமையை அன்று அவரும் அறியார், நாமும் அறியோம். அவருக்கு விடை கூறும்பொருட்டுத் தேடத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை.

அவர் செய்த பிழை யாதென விளக்குவாம். சிக்குன்குனியா மூட்டைப் பற்றும். டெங்கு குருதிக் கலன்களைப் பற்றும். கடுமையான டெங்குவிலே நுண்ணிய குருதிக் கலன்களினூடாகத் திரவம் வெளியே கசியும். குருதிச் சிறுதட்டுகள் குறையும். இவ்விடர் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே, அஃதாவது மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், தொடங்கும். காய்ச்சல் விட்டது என்று வீட்டார் ஆறுதலடையும் நாளே அபாயமான நாள். அசுபிரின், இபுபுறூபன் முதலிய நோவு மருந்துகள் குருதிப்பெருக்குக்கு இடந்தருவன. ஆதலால் டெங்கு என்ற ஐயம் உள்ளவிடத்து அவற்றை விலக்கி, காய்ச்சலுக்குப் பரசிற்றமோலை மட்டும் உரிய அளவிற் கொடுப்பதே முறை. ஒருமுறை டெங்கு வந்தவருக்கு மற்றொரு வகை வைரசால் மீண்டும் வருமாயின், நோய் கடுமையாதல் கூடும். ஆகவே காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடிப்பின் குருதிச் சோதனை செய்வித்தல் வேண்டும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, குருதிக் கசிவு, மிகுந்த சோர்வு என்பன தோன்றின் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. கற்ற மருத்துவரே நூறாண்டு மயங்கிய இரு நோய்களை வீட்டுத் திண்ணையிலிருந்து பிரித்தறிவோம் என்பது பேதைமை.

இலங்கையிலே டெங்கு ஆய்வுகூடச் சோதனையால் உறுதிசெய்யப்பட்டது 1962ஆம் ஆண்டில். 1989இல் குருதிப்பெருக்கோடு கூடிய டெங்கு பெருநோயாகத் தோன்றியது. 2017ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் 1,86,000 பேருக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. 2023ஆம் ஆண்டின் முடிவிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் யாழ்ப்பாண மாவட்டம் பெரிதும் துன்புற்றது. எம் நாட்டை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது; அப்பெருமையை ஈட்டிய நாமே இச்சிறு நுளம்பின்முன் தடுமாறுகின்றோம். காரணம், மலேரியா நுளம்பு இரவிற் கடிப்பது. வலைக்குள் உறங்கினால் பெரிதும் தப்பலாம். ஈடிசு காலையிலும் மாலையிலும், பிள்ளைகள் படிக்கும் வேளையிலும் விளையாடும் வேளையிலும் கடிப்பது. அது சதுப்பு நிலத்தை நாடுவதில்லை. எம் வளவையே நாடுகின்றது. சிரட்டை, இளநீர்க் கோம்பை, தகரப்பேணி, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி, மூடாத தண்ணீர்த் தொட்டி ஆகியவையே அதன் தொட்டில்கள். முன்னே கூறிய தெங்கும் டெங்கும் ஈற்றில் இவ்வாறு சந்தித்துக்கொண்டன.

குடாநாட்டுக்கே உரிய செய்தி ஒன்றையும் கூறல் வேண்டும். இந்நுளம்பு நன்னீரில் மட்டுமே வளரும் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரேந்திரனும், ரஞ்சன் ராமசாமியும், அவர்தம் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையை அசைத்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரத்திலே உவர்நீர் தேங்கிய கிணறுகளிலும் கைவிடப்பட்ட பாத்திரங்களிலும் ஈடிசுக் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். உப்புத் தண்ணீரில் ஒன்றும் வாழாது என்று பாழ்ங்கிணறுகளை மறந்திருந்த எமக்கு இது தக்க எச்சரிக்கை. இன்னும், இந்நுளம்பு முட்டையை நீர்மட்டத்தை ஒட்டிய சுவரிலே இடுகின்றது. நீர் வற்றினும் முட்டை திங்கட்கணக்காக உயிரோடிருக்கும். அடுத்த மழையிலே பொரிக்கும். ஆதலால் தொட்டியைக் கவிழ்த்தல் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு கிழமை செல்லும். எனவே கிழமைக்கு ஒருமுறை வளவைச் சுற்றி வருபவர் அத்தொடரை அறுத்துவிடுகின்றார்.

கிழக்காபிரிக்கக் கரையிலே இச்சொல்லை ஆக்கியோர் காரணம் அறியாமையால் பேயின்மேற் பழி சுமத்தினர். அவர்களைக் குறைகூற எமக்கு உரிமை இல்லை. அறியவேண்டியதை அறியும் வாய்ப்பு அவர்க்கு இல்லை. காரணத்தை நன்கறிந்த நாமோ, நோய் வந்தபின் காலத்தையும் மழையையும் அயல் வீட்டாரையும் பழிக்கின்றோம். பெயரிலிருந்த பேய் போய்விட்டது. எம் வளவுச் சிரட்டையிலே நிற்கும் நீர் போகவில்லை.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்களை நாம் வேண்டுவது இதுவே. இந்த மாரியிலே கிழமைக்கு அரை மணி நேரத்தை உங்கள் வளவுக்கும், ஆளில்லாப் பக்கத்து வளவுக்கும் ஈந்தருளுங்கள். வீட்டிலே ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் அதற்கு நீங்களே பெயரிடாதீர்கள். பெயரிடும் பணியைக் குருதிச் சோதனைக்கும் மருத்துவருக்கும் விட்டுவிடுங்கள். எம் நண்பர் நலம் பெற்று, யூபிலி விழாவுக்கு எம்மோடு வர ஆயத்தமாகின்றார். கண்டால் வந்து சொல்லும் என்ற ஆசிரியருக்குச் சொல்ல முடியாததை, அவர் கற்பித்த கல்லூரியின் மாணவர்க்கேனும் சொல்லிவிட்டோம் என்ற அமைதியோடு இதனை முடிக்கின்றோம்.